உழுந்தும் பயறும்: உணவுத் தாவரங்களில் இருபெப்தைட்டுகள்

உழுந்தும் பயறும் எம்மவர் அடுக்களைக்குப் பழைய உறவினர். பொங்கற் பானையிற் பயறும், தோசை மாவில் உழுந்தும், பூப்பெய்திய பெண்ணுக்குக் கிண்டிக் கொடுக்கும் களியில் உழுத்தம் மாவும் தொன்றுதொட்டு இடம்பெற்று வருவன. தாவரவியலார் இவ்விரண்டையும் ஒரே சாதியில் அடக்குவர். செடியும் பூவும் காயும் பெரிதும் ஒத்திருத்தலின், இவை இருவேறு இனங்களா அன்றி ஓரினத்தின் இரு பேதங்களா என்னும் ஐயம் அவர்களிடையே நெடுங்காலம் நிலவியது. 1975 ஆம் ஆண்டில் பெல்ஜிய ஆராய்ச்சியாளர் சிலர் இவற்றின் வித்துக்களை இரசாயன முறையிற் பகுத்தாராய்ந்து, இரண்டும் ஐயத்துக்கிடமின்றி வேறுபடுவன எனக் காட்டினர். அவர்களுக்குச் சான்றாக அமைந்தவை வித்துக்களிற் சிறிதளவே காணப்படும், கந்தகங் கொண்ட இருபெப்தைட்டுகளாம்.

இருபெப்தைட்டு என்பது யாது? அது உணவிலே எவ்வாறு தோன்றுகிறது? அதனை அறிவதனால் உண்போர்க்கு விளையும் பயன் என்ன? இவ்வினாக்களுக்கு இயன்றவரை தெளிவாக விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈரமிலச் சோடி

புரதம் என்பது அமினோவமிலங்கள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி. உயிர்களின் புரதங்களிற் பெருவழக்காகக் காணப்படும் அமினோவமிலங்கள் 20 ஆகும். ஓரமிலத்தின் காபொட்சில் கூட்டமும் மற்றோரமிலத்தின் அமினோக் கூட்டமும் ஒரு நீர் மூலக்கூற்றை இழந்து இணையும்போது உண்டாகும் பிணைப்பையே பெப்தைட்டுப் பிணைப்பு என்பர். இரண்டு அமிலங்கள் மாத்திரம் இவ்வாறு இணைந்து நிற்பின் அஃது இருபெப்தைட்டு. மூன்று இணையின் முப்பெப்தைட்டு. பல இணையின் பல்பெப்தைட்டு.

20 அமிலங்களை இருவிருவராகச் சேர்த்தால் 400 சோடிகள் அமையும். இச்சோடிகளில் முன்னிற்பது எது, பின்னிற்பது எது என்பதும் கருதத் தக்கது. கிளைசீன் முன்னும் அலனீன் பின்னுமாக நிற்கும் சோடி வேறு. அலனீன் முன்னும் கிளைசீன் பின்னுமாக நிற்பது வேறு.

செர்மானிய இரசாயன அறிஞர் எமில் பிஷர், பூர்ணோ என்பாருடன் கூடி, 1901 ஆம் ஆண்டில் இரண்டு கிளைசீன்களை இணைத்துக் கிளைசில்கிளைசீன் என்னும் இருபெப்தைட்டை ஆக்கி வெளியிட்டார். எளிய அமிலங்களிலிருந்து புரதத்தைப் படிப்படியாகக் கட்டியெழுப்பலாம் என்னும் நம்பிக்கைக்கு அதுவே முதற்படி. 1907 ஆம் ஆண்டளவில் அவர் 18 அமிலங்கள் கொண்ட சங்கிலியையும் ஆக்கினார். இதற்கு ஓராண்டு முன்னரே, 1900 ஆம் ஆண்டில், உருசிய அறிஞர் குலெவிச்சு இறைச்சிச் சாற்றிலிருந்து கார்னொசீன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்திருந்தார். அது ஹிஸ்டிடீனும் பீற்றா-அலனீனும் சேர்ந்த இருபெப்தைட்டு என்பது பின்னர் விளங்கிற்று. எனவே இயற்கை, ஆய்வுகூடம் ஆகிய இரண்டிடத்தும் இச்சிறு சோடிகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் அறிஞர் கண்ணிற் பட்டன எனலாம்.

பையூரெற்றுச் சோதனைக்கு அகப்படாதது

கல்லூரி ஆய்வுகூடத்திற் புரதத்தைக் கண்டறிவதற்குப் பையூரெற்றுச் சோதனை செய்தமை பழைய மாணவர் பலர்க்கும் நினைவிருக்கும். முட்டை வெண்கருக் கரைசலிற் காரமும் சிறிது செப்புச் சல்பேற்றும் சேர்க்க ஊதா நிறந் தோன்றும். இந்நிறம் தோன்றுவதற்கு மூலக்கூறொன்றிற் குறைந்தது இரண்டு பெப்தைட்டுப் பிணைப்புகளேனும் வேண்டும். இருபெப்தைட்டில் உள்ளது ஒரே ஒரு பிணைப்பு. ஆதலின், புரதத்தை முற்றாகச் சிதைத்து இருபெப்தைட்டுகளாகவும் தனியமிலங்களாகவும் ஆக்கிவிட்ட கரைசலில் அவ்வூதா நிறம் எழாது. சோதனை "இல்லை" என்று கூறினும், புரதத்தின் பொருள் முழுவதும் குழாயினுள்ளேயே இருக்கும்.

இத்தகைய சிறு பொருள்களைப் பிரித்தறிவதற்கு வேறு கருவி வேண்டியிருந்தது. 1944 ஆம் ஆண்டிற் கொன்ஸ்டன், கோடன், மாட்டின் என்போர் வகுத்த கடதாசி நிறப்பகுப்பு முறையே அக்கருவி. ஒரு துளிச் சாற்றை வடிதாளில் இட்டு, தாளின் ஓரத்தைக் கரைப்பானில் தோய்த்து வைத்தால், கரைப்பான் ஊர்ந்து செல்லுங்கால் ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு தூரம் செல்லும். பின்னர் நின்ஹைதரின் தெளித்துச் சூடாக்க, அமினோவமிலங்களும் சிறு பெப்தைட்டுகளும் நிறப்புள்ளிகளாகத் தோன்றும். தாவரச் சாறுகளில் முன்னர் எவரும் எதிர்பாராத புள்ளிகள் பல தோன்றியதும் இம்முறை பரவிய பின்னரேயாம்.

உடலினுள்ளே புரதத்தின் சிதைவு

நாம் உண்ணும் பருப்பின் புரதம் இரைப்பையிற் பெப்சினாலும், சிறுகுடலிற் சதையியிலிருந்து வரும் திரிப்சின் முதலிய நொதியங்களாலும் நீர்ப்பகுப்புற்றுச் சிறு துண்டுகளாகிறது. இத்துண்டுகள் அனைத்தும் தனித்தனி அமினோவமிலங்களாக ஆகிய பின்னரே குடற்சுவரினூடு உறிஞ்சப்படும் என்பது நெடுங்காலம் பாடநூல்கள் கூறிவந்த கொள்கை. 1901 ஆம் ஆண்டில் ஒற்றோ கோன்ஹைம் குடற்சுவரிலே பெப்தைட்டுகளைத் தனியமிலங்களாகச் சிதைக்கும் ஆற்றல் உண்டெனக் கண்டறிந்தமை இக்கொள்கைக்கு வலுவூட்டிற்று.

1959 ஆம் ஆண்டிலும் அதனையடுத்த ஆண்டுகளிலும் இங்கிலாந்தின் செபீல்டுப் பல்கலைக்கழகத்தில் நியூயி, சிமித்து என்னும் இருவர் செய்த பரிசோதனைகள் இக்கொள்கையை அசைத்தன. இருபெப்தைட்டுகள் உடையாமலே குடற்சுவரின் கலங்களுள் நுழைகின்றன என்றும், அவற்றின் சிதைவு பெரும்பாலும் கலத்தினுள்ளேயே நிகழ்கிறது என்றும் அவர்கள் காட்டினர்.

இதற்கு ஓர் அரிய நோய் சிறந்த சான்றாயிற்று. 1956 ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட ஹாட்னப் நோயுடையோரின் குடல், திரிப்தோபேன் முதலிய சில அமிலங்களைத் தனிநிலையில் உறிஞ்ச மாட்டாது. ஆயின் அதே திரிப்தோபேனைக் கிளைசீனுடன் இணைத்து இருபெப்தைட்டாகக் கொடுக்கையில் அது உடலிற் சேர்ந்தமை 1970 ஆம் ஆண்டளவிற் புலப்பட்டது. அமிலத்துக்கு ஒரு வாயிலும் சோடிக்கு வேறொரு வாயிலும் குடலில் உண்டென்பது இதனால் தெளிவாயிற்று. முதல் வாயில் பிறவியிலேயே அடைபட்டிருப்பவர் இரண்டாவதன் வழியாக உயிர் வாழ்கின்றார். 1994 ஆம் ஆண்டில் இவ்விரண்டாம் வாயிலாகிய காவிப் புரதமும் இனங்காணப்பட்டது. இருபெப்தைட்டுகளையும் முப்பெப்தைட்டுகளையும் அது ஏற்கும். நான்கு அமிலங்கொண்ட துண்டை ஏற்காது.

இவ்வாறு கலத்துட் புகுந்த சோடிகளுட் பெரும்பாலானவை அங்கேயே பிரிந்து தனியமிலங்களாகக் குருதியை அடைகின்றன. மிகச் சில மாத்திரமே முழுமையாகக் குருதியிற் சேர்வன. இதனை அறிந்தோர், "பெப்தைட்டு" என்னும் பெயர் பொறித்து உயர்ந்த விலைக்கு விற்கப்படும் மாக்களைக் கண்டு மயங்கார். நோயற்ற குடல் ஒரு கிண்ணப் பருப்பிலிருந்தே வேண்டிய சோடிகள் அனைத்தையும் ஆக்கிக்கொள்ள வல்லது.

வித்தினுள்ளே அதே தொழில்

குடல் செய்யும் இத்தொழிலை முளைக்கும் வித்தும் செய்கின்றது. உலர்ந்த பயற்றிற் புரதம் சேமிப்பாக உறங்கிக் கிடக்கும். நீரில் ஊறியதும் நொதியங்கள் தொழிற்படத் தொடங்கி, அச்சேமிப்பைப் பெப்தைட்டுகளாகவும் அமிலங்களாகவும் சிதைத்து வளரும் முளைக்கு அனுப்புகின்றன. வாற்கோதுமை வித்தை ஆராய்ந்தோர், அதன் முளையம் இருபெப்தைட்டுகளை உடையாமலே உள்வாங்கும் காவியைக் கொண்டிருத்தலை 1970 களிற் கண்டனர். தாயின் சேமிப்பைக் குழவி உண்ணும் முறையும், நாம் எம் உணவை உண்ணும் முறையும் இவ்வகையில் ஒத்திருத்தல் வியத்தற்குரியது.

ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகிய எமது பழைய சமையல் முறைகள் யாவும், புரதத்தின் சிதைவை அடுக்களையிலேயே ஓரளவு தொடங்கி வைப்பன. அவித்தலின் பயன் வேறு. அவரையினத்து வித்துக்கள் பலவற்றிலே திரிப்சினின் தொழிலைத் தடுக்கும் பொருள்கள் உள. 1917 ஆம் ஆண்டில் ஒஸ்போர்ண், மெண்டல் என்னும் அமெரிக்க அறிஞர் பச்சைச் சோயா அவரையை உண்ட எலிகள் வளராமையையும், அவித்த அவரையை உண்டவை வளர்ந்தமையையும் காட்டினர். பின்னர் அறியப்பட்ட திரிப்சின் தடுப்பிகள் இதன் காரணங்களுள் ஒன்றாகும். வெப்பம் அத்தடையை அகற்றுகிறது.

சிதைவினாற் பிறவாத சோடிகள்

இதுகாறும் கூறியவை புரதம் சிதைவதனாற் பிறக்கும் சோடிகள். அவை வழிப்போக்கர் போன்றவை; தோன்றிய சிறிது நேரத்தில் மறைவன. தாவரங்களில் இன்னொரு வகைச் சோடிகளும் உள. அவை புரதத்திலிருந்து உதிர்ந்தவையல்ல. தாவரம் தானே தன் தேவைக்கு ஆக்கிச் சேமித்து வைப்பன. இவ்விரு வகையையும் ஒன்றெனக் கொள்ளல் தவறாகும்.

இரண்டாம் வகையின் அடையாளம் குளுற்றமிக்கமிலம் அமைந்து நிற்கும் முறையாகும். இவ்வமிலத்துக்குக் காபொட்சில் கூட்டங்கள் இரண்டுண்டு. புரதத்தில் இணைவது அமினோக் கூட்டத்துக்கு அண்மையிலுள்ள கூட்டம். இச்சோடிகளில் இணைவதோ பக்கக் கிளையின் நுனியிலுள்ள மற்றைய கூட்டம். இதனைக் காமாப் பிணைப்பு என்பர். புரதத்தை வெட்டும் சாதாரண நொதியங்களுக்கு இப்பிணைப்பு எளிதில் இணங்காது. அதற்கெனக் காமா-குளுற்றமைல் மாற்றி என்னும் தனி நொதியம் வேண்டும். அந்நொதியம் எமது சிறுநீரகத்திலும் குடற்சுவரிலும் ஈரலிலும் உண்டு. ஈரலின் நிலையை அறிய வைத்தியர்கள் குருதியில் அளந்து பார்ப்பதும் இந்நொதியத்தையே.

வெங்காயத்திலும் உள்ளியிலும் இத்தகைய சோடிகள் மிகுதி. நொபெல் பரிசு பெற்ற பின்லாந்து அறிஞர் விர்த்தானென் இவற்றை ஆராய்ந்து பலவற்றைப் பிரித்தெடுத்தார். உள்ளி தன் கந்தகத்தின் ஒரு பகுதியை மணமற்ற காமாச் சோடிகளாகப் பூட்டி வைத்திருக்கிறது. முளைவிடுங் காலத்தில் அப்பூட்டுத் திறக்கப்பட்டு, வெட்டும்போது மணந்தரும் பொருளுக்கு மூலமாகிய அமிலம் வெளிப்படுகிறது. ஆகவே இச்சோடிகள் கந்தகத்துக்கும் நைதரசனுக்கும் களஞ்சியமாக அமைகின்றன எனலாம்.

கந்தகக் கணக்கும் ஊட்டக் கணக்கும்

இப்போது உழுந்துக்கும் பயற்றுக்கும் திரும்புவோம். பயற்றில் உள்ளது காமா-குளுற்றமைல்-மெதயில்சிஸ்டீன் என்னும் சோடியும் அதன் ஒட்சியேற்றிய வடிவமும். உழுந்தில் உள்ளது காமா-குளுற்றமைல்-மெதியோனீன் என்னும் சோடியும் அதன் ஒட்சியேற்றிய வடிவமும். பயற்றிற் காணப்படும் சோடி போஞ்சி வித்திலும் உண்டென்பது 1950 களின் இறுதியிலேயே அறியப்பட்டிருந்தது.

பெயரளவில் இவ்வேறுபாடு சிறிது, ஊட்டத்தளவிற் பெரிது. மெதியோனீன் மனிதவுடல் தானாக ஆக்கிக்கொள்ள இயலாத அமிலங்களுள் ஒன்று. அவரையினப் பருப்புகள் அனைத்திலும் பொதுவாகக் குறைவுடையதும் அதுவே. உழுந்தின் சோடியிற் பூட்டப்பட்டிருப்பது உடலுக்கு வேண்டிய அந்த மெதியோனீன். பயற்றிலும் போஞ்சியிலும் பூட்டப்பட்டிருக்கும் மெதயில்சிஸ்டீனோ, கந்தகங் கொண்டதாயினும், மெதியோனீனுக்கோ சிஸ்டீனுக்கோ ஈடாக மாட்டாது. கந்தகத்தை மாத்திரம் அளந்து இவ்வளவு கந்தகவமிலம் உண்டெனக் கணக்கிடுவோர், போஞ்சிக்கும் பயற்றுக்கும் இல்லாத செல்வத்தை இருப்பதாக எழுதிவிடுவர்.

இத்தகைய இடர் புரதத்தின் மொத்தக் கணக்கிலும் உண்டு. உணவு அட்டவணைகளிற் காணும் புரத அளவு, பெரும்பாலும் நைதரசனை அளந்து 6.25 ஆற் பெருக்கிப் பெறப்படுவது. கோப்பன்ஹேகனிலே கார்ல்ஸ்பேக் ஆய்வுகூடத்திற் கெல்டால் 1883 ஆம் ஆண்டில் வகுத்த நைதரசன் அளவீட்டு முறையே இதற்கு அடிப்படை. நைதரசன் புரதத்திலிருந்து வந்ததா, தனியமிலத்திலிருந்து வந்ததா, காமாச் சோடியிலிருந்து வந்ததா என அம்முறை வினவாது. இக்குறையை அறிந்த வணிகர் சிலர் சீனாவில் நீர் கலந்த பாலில் நைதரசன் செறிந்த மெலமீனைக் கலந்தமை 2008 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. ஏறத்தாழ 300,000 குழந்தைகள் நோயுற்றனர், அறுவர் மாண்டனர். கணக்கு நிறைந்தது, குழந்தைகளின் உடல் கெட்டது. மூலகத்தை எண்ணுதல் ஊட்டத்தை எண்ணுதலாகாது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

இதனைக் கொண்டு பயற்றை இகழ்ந்து ஒதுக்குதல் வேண்டா. பயற்றின் புரதத்தில் லைசீன் என்னும் அமிலம் நிறைய உண்டு. அரிசியில் அது குறைவு. அரிசியில் மெதியோனீன் ஒப்பளவிற் கூடுதல். பயற்றில் அது குறைவு. எனவே பச்சையரிசியும் வறுத்த பயறும் ஒரே பானையிற் பொங்குகையில், ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. எள்ளின் புரதமும் மெதியோனீன் மிகுந்தது; ஆதலின் எள்ளுருண்டை பயற்றுணவுக்கு ஏற்ற துணை. நல்லெண்ணெயிற் புரதம் இல்லை என்பதையும் இங்கு நினைவிற் கொள்க. மரக்கறி உணவையே கைக்கொள்ளும் குடும்பங்களில், வளரும் பிள்ளைகளின் தட்டில் சோறு, பருப்பு, எள்ளு, பால் ஆகியவை கூடி அமைதல் வேண்டும். ஒரே பருப்பை மிகுத்துக் கொடுத்தல் அதற்கு ஈடாகாது.

நஞ்சும் சுவையும்

தாவரத்தின் சோடிகள் யாவும் தீங்கற்றன எனவும் கொள்ளலாகாது. ஆபிரிக்காவின் மேற்குப் பகுதியிலிருந்து 18 ஆம் நூற்றாண்டிலே யமேய்க்காத் தீவுக்குக் கொண்டுவரப்பட்ட அக்கி என்னும் மரத்தின் கனி அங்கு விரும்பி உண்ணப்படுவது. பழுத்துத் தானே வெடித்த கனியின் வெண்ணிறச் சதையே உணவு. முற்றாத கனியை உண்டோர் வாந்தியெடுத்து, குருதியில் வெல்லம் குன்றி, மயங்கி இறந்தமை பல முறை நிகழ்ந்தது. 1954 ஆம் ஆண்டில் ஹசல், றெயில் என்னும் இருவர் அக்கனியிலிருந்து ஹைப்போகிளைசீன் என்னும் நச்சமிலத்தையும், குளுற்றமிக்கமிலத்துடன் அது காமாப் பிணைப்பால் இணைந்த இருபெப்தைட்டையும் பிரித்தெடுத்தனர். கனி முற்றுங்கால் சதையில் நஞ்சு குறைகிறது. வித்திலே அது சோடியாகப் பூட்டப்பட்டுச் சேர்கிறது. கனி தானே வெடிக்கும்வரை பொறுத்திருத்தலும் வித்தை நீக்குதலும் அந்நாட்டு மக்கள் வழிவழி கைக்கொண்ட விதிகள். அவ்விதிகளின் காரணத்தை இரசாயனம் பின்னர் விளக்கிற்று.

சுவையிலும் இச்சோடிகளுக்குப் பங்குண்டு. 2007 ஆம் ஆண்டிற் செர்மானிய ஆராய்ச்சியாளர், போஞ்சி வித்திலுள்ள காமா-குளுற்றமைல்-லியூசீன், காமா-குளுற்றமைல்-வலீன் முதலிய சோடிகள் தம்மளவிற் பெரிதும் சுவையற்றனவாயினும், உப்புக் கலந்த சாற்றின் சுவையை வாய் நிறையச் செய்து நெடுநேரம் நிலைக்கச் செய்தலைக் காட்டினர். உள்ளி சேர்த்த இரசம் தனிச் சுவை பெறுதற்கு மணம் மாத்திரமன்றி இத்தகைய சோடிகளும் துணைபுரிதல் கூடும்.

செயற்கைச் சோடி ஒன்றையும் இங்குக் குறிப்பிடல் தகும். 1965 ஆம் ஆண்டில் அமெரிக்க இரசாயனர் ஒருவர் தற்செயலாகக் கண்ட அஸ்பார்டேம், அஸ்பார்ற்றிக்கமிலமும் பீனைலலனீனும் இணைந்த இருபெப்தைட்டின் மெதயில் எசுத்தர் ஆகும். தனித்து நிற்கையிற் புளிப்புடையது ஒன்று, கசப்புடையது மற்றொன்று. இணைந்த வடிவமோ சீனியினும் ஏறத்தாழ 200 மடங்கு இனிப்பது. பீனைலலனீனைத் தாங்க மாட்டாத பிறவிக் குறையுடையோர் இதனை விலக்கல் வேண்டும். அடைபட்ட பானங்களின் மேல் எச்சரிக்கை அச்சிடப்படுவது அதனாலேயாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றின் சாரம் ஒன்றே. உணவின் பயன் அதில் உள்ள மூலகங்களின் அளவைக் கொண்டு மாத்திரம் அமைவதன்று. அவை எவ்வாறு இணைந்து நிற்கின்றன என்பதையும் பொறுத்தது. அதே குளுற்றமிக்கமிலம் புரதச் சங்கிலியில் ஒருவாறும், காமாச் சோடியில் வேறோராறும் நிற்கின்றது. அச்சோடியிலேயே துணையாக நிற்பது மெதியோனீனாயின் ஊட்டம், மெதயில்சிஸ்டீனாயின் ஊட்டக் கணக்கிற் சேராத கந்தகம், ஹைப்போகிளைசீனாயின் நஞ்சு.

இன்று கல்லூரியிற் பயிலும் மாணவர்கள் இதனை ஏட்டளவில் அறிந்து அமையாது, தம் கைகளாலேயே செய்து பார்த்தல் நன்று. ஒரு பிடி பயற்றை ஊறவைத்து, நாள்தோறும் சிறிதெடுத்து அரைத்து, மதுசாரத்தில் வடித்துத் தாளிலிட்டு நின்ஹைதரின் தெளிப்பின், முளை வளர வளரப் புள்ளிகள் செறிந்து வருதலைக் காணலாம். அதே சாற்றிற் பையூரெற்றுச் சோதனையையும் நாள்தோறும் செய்து, ஒரு சோதனை காண்பதையும் மற்றது காணாததையும் ஒப்புநோக்குக. உழுந்தையும் பயற்றையும் பக்கத்துப் பக்கமாக இட்டு நோக்கின் மேலும் பயனுண்டு. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்கு வேண்டியதில்லை. பொறுமையும், கண்டதைக் கண்டவாறு குறித்து வைக்கும் பழக்கமுமே வேண்டுவன. அவ்விரண்டையும் எமக்குக் கற்பித்த கல்லூரி மேன்மேலும் ஓங்குக.